நூறு லிட்டருக்கு எத்தனை கிலோ

போன வருஷம் அவள் ஊரில் நான் பின்சீட்டு.
பம்புசெட் கண்காட்சி முடிந்த மறுநாள்
வாடகை ஸ்கூட்டரில் திராட்சைத் தோட்டம் சுற்றக்
கூட்டிப்போனாள் ஒதீல்.
ஏழு இடத்தில் நிறுத்தினாள்.
ஏழிலும் ஒரு மடக்கு, ஒரு விளக்கம்,
துப்புவதற்கென்றே ஒரு வெள்ளி வாளி.
காசு கொடுத்து வாங்கித் துப்புகிறவர்களை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
நான் மோந்து மட்டும் பார்த்துவிட்டு
"மழை பெய்த காடு" என்று சொல்லிவைத்தேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்த வருஷம் அவள் என் பின்சீட்டு.
பீளமேட்டு மீட்டிங் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது.
உன் ஊரில் திராட்சை உண்டா?
உண்டு. ஏறு.

பேரூர் தாண்டும்வரை என் இடுப்பைப் பிடிக்கவில்லை.
ஒரு தனியார் பஸ் உரசினாற்போல் போனதும் பிடித்தாள்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
அவள் பேசியதில் பாதியைத் தின்றது.
மீதிப் பாதி: மலை, மலை, எவ்வளவு மலை.
வெள்ளியங்கிரி என்றேன்.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்,
மூன்றும் வேறு வேறு மலை.

ருசி பார்க்கிற அறை எங்கே என்றாள்.
ஒரு பிரிவில் பச்சைப் பலகைக் கடை இருந்தது.
கம்பி வலைக்கு உள்ளே ஒரு கை, வெளியே நாற்பது கை.
இதுவா?
இதுதான். ஆனால் இது இல்லை.
வண்டியை நிறுத்தவில்லை.

கல்தூண் பந்தலைக் கண்டதும் குதித்துவிட்டாள்.
அவள் ஊரில் கொடி இடுப்புயரம்,
குனிந்து பறிப்பார்கள்.
இங்கே வானம் இருக்கவேண்டிய இடத்தில் கொடி.
அண்ணாந்தபடி நடந்து
தூணில் முட்டிக்கொண்டாள்.

டிரம்மில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார் துளசிமணி.
முழங்கை வரை நீலம்.
"வாங்கொ அம்மிணி. எலயத் தொட்டறாதீங்கொ,
போர்டோ அடிச்சிருக்குது."
நான் மொழிபெயர்ப்பதற்குள் ஒதீல் திரும்பிவிட்டாள்,
சந்தைக் கூட்டத்தில்
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாற்போல்.
என்ன சொன்னார்?
போர்டோ.
என் ஊர், என்றாள்.

துளசிமணி நம்பவில்லை.
"போர்டோங்கறது மருந்துங்கொ.
மயில்துத்தம், சுண்ணாம்பு, தண்ணி.
அது எப்புடி ஊராகும்?"
அங்கேதான் முதலில் அடித்தார்களாம் என்றேன்.
"அங்கயும் மழைக்கு அடிச்சாம்பல் வருங்களா?"
வருமாம்.
"அப்பச் செரி."
ஒரு ஊரை நம்ப அவருக்கு அது போதும்.

அரிவாளை டிரம்மில் முக்கி எடுத்தார்.
நுனியில் செம்பேறியிருந்தது.
இன்னும் ஒரு கை சுண்ணாம்பு.
ஒதீல் வீட்டில் ஆணியை முக்குவார்களாம்.
ஆணியா அரிவாளா என்று
இருவரும் கையாலேயே வாதாட
நடுவில் நான் வேலையில்லாமல் நின்றேன்.

அந்தண்டைக் காட்டில் பழம் கறுத்திருந்தது.
மூலையில் இரண்டு தூண் சாய்ந்து கிடந்தன.
"ஆனைங்கொ. போன வாரம்.
தூணச் சாச்சுப்போட்டு
ஒரு கொல தொடாமப் போயிருச்சு."
இன்னும் பத்து நாள் பொறுக்கலாம் என்று
நினைத்திருக்கும், என்றாள் ஒதீல்.
அதை மட்டும் துளசிமணி
திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

பன்னீர்க் குலை ஒன்று கைக்கு வந்தது.
வாய் நிறைய விதையோடு
ஒதீல் வாளி தேடினாள்.
"மண்ணுலயே துப்புங்கொ."
துப்பினாள். தூரமாகத் துப்பப் பழகினாள்.
விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது துளசிமணி வண்டியைப் பிடித்துக்கொண்டார்.
"நூறு லிட்டருக்கு அங்க எத்தன கிலோ
துத்தம் போடறாங்கொ?
கேட்டுச் சொல்லச் சொல்லுங்கொ."

ஒன்பது நாள் கழித்து வந்தது பதில்.
அண்ணனிடம் கேட்டிருக்கிறாள்.
ஒரு கிலோ.

போன் போட்டேன்.
"ஏனுங், இங்கயும் அதேதான!"
குரலில் ஒரு சந்தோசம், கொஞ்சம் ஏமாற்றம்.
பிறகு,
"அங்க பழம் என்ன வெலைக்குங் போகுது?
நமக்கு இந்த வாரம் முப்பத்தெட்டு."

ஏழு மடக்கின் ரசீது
இன்னும் என் பையில்தான் இருக்கிறது.
காத்துங்க, கேக்கல, என்றேன்.
ஆபீசில் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.